படுவான்கரையில் ஓர் ஊர்: கொக்கட்டிச்சோலை

மட்டக்களப்பு வாவியை அதன் கரையில் வாழ்வோர் பெரும்பாலும் வாவி என்று சொல்வதில்லை. ஆறு என்றே சொல்வர். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்திற்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பு உண்மையில் ஆறன்று. மேற்கிலிருந்து வரும் சிற்றாறுகளின் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீரும் கலந்து நிற்கும் களப்பு அது. அதன் கிழக்கே கடலோரமாக ஓடும் ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, படும் கரை என இப்பெயர்களை முதலில் இட்டவர் நடுநீரில் தோணியில் இருந்தவராதல் வேண்டும்.

படுவான்கரையின் நடுநாயகமாக விளங்குவது கொக்கட்டிச்சோலை. சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களே நிலத்தின் இயல்பை உணர்த்திவிடும். மகிழடித்தீவு, அரசடித்தீவு, முனைக்காடு, கடுக்காமுனை, முதலைக்குடா, பண்டாரியாவெளி, அம்பிளாந்துறை என்று தீவும் முனையும் குடாவும் வெளியும் துறையுமாகவே அவை அமைந்துள்ளன. மாரியில் நீர் எங்கெங்கு ஏறும், எங்கு நிலம் மிஞ்சும் என்பதைப் படம் வரைந்து காட்டியது போன்றது இப்பெயர் வரிசை.

கொக்கட்டி மரங்கள் அடர்ந்த சோலையாதலின் ஊர் இப்பெயர் பெற்றது என்பர். அம்மரமொன்றை வேடன் ஒருவன் வெட்டியபோது குருதி பெருகிற்று என்றும், அங்கே இலிங்கம் தானாகத் தோன்றியிருக்கக் கண்டனர் என்றும் தலவரலாறு கூறும். தான்தோன்றீஸ்வரர் என்னும் பெயர் அதனின்றும் எழுந்தது. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் முன்னிலையில் கல் நந்தி எழுந்து புல் உண்டது என்ற கதையும் வழங்குகின்றது. இதனை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும் போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர் என்பதும், பத்து ஆண்டுகளுள் 1638இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது என்பதும் வரலாறே. அக்காலத்து அச்சம் மக்கள் நெஞ்சில் எத்துணை ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு அக்கதை சான்றாகின்றது.

இக்கோயிலின் நிருவாகமும் கவனிக்கத்தக்கது. திருவிழாவின் ஒவ்வோர் உரிமையும் குடிகளிடையே பகிரப்பட்டிருக்கும். அவற்றை மேற்பார்ப்பவர் வண்ணக்கர் எனப்படுவர். குடி என்பது தாய்வழி வருவது. வீடு பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்லும்; மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். தந்தை வழியே பழகிய யாழ்ப்பாணத்தவருக்கும் தமிழகத்தவருக்கும் இது வியப்பாகத் தோன்றலாம். மட்டக்களப்பு மாதருக்கோ தம் காலடியில் உள்ள மண் தமது என்பது பிறப்பிலேயே கிடைத்த உறுதி.

ஊரின் செல்வம் நெல். வடகீழ்ப் பருவமழையை நம்பிச் செய்யும் பெரும்போகமே முதன்மையானது. குளத்து நீர் எட்டும் வயல்களில் சிறுபோகமும் உண்டு. பல வயல்கள் சேர்ந்த வெளியை வட்டை என்பர். நீர்ப்பங்கீட்டையும் வேலியடைப்பையும் கவனிக்க வட்டை விதானை இருப்பார். முன்னாளில் வயல் போடியாருடையது, உழைப்பு முல்லைக்காரனுடையது. வெட்டிய கதிரைச் சூடு வைத்து, எருமைகளைக் கொண்டு மிதித்து, களத்திலேயே பங்கு பிரித்தனர். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவருக்குப் பாதுகாப்பளிக்க முற்பட்டபின் போடியாரின் பழைய ஆட்சி தளர்ந்தது. உழவு இயந்திரம் வந்தபின் எருமையின் வேலையும் குறைந்தது. ஆயினும் எருமைத் தயிர் நிலைத்துவிட்டது. மண்சட்டியில் உறைந்து, சட்டியைக் கவிழ்த்தாலும் சிந்தாத அத்தயிருக்குப் படுவான்கரையின் மேய்ச்சல் தரையே மூலம். அறுவடை ஓய்ந்த மாதங்களில் களரி கட்டி வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடுவதும் இந்நெல் தந்த ஓய்வினாலன்றோ!

இவ்வளவு விளைவித்தும் ஊர் நெடுங்காலம் ஒதுங்கியே இருந்தது. கச்சேரியும் பெரிய ஆசுபத்திரியும் புகையிரத நிலையமும் வாவிக்கு அப்பாலே இருந்தன. மண்முனைத் துறையில் ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு இந்நாட்டவர் இட்ட பெயர் ‘பாதை’. தரைவழி இல்லாதார் மிதவையையே பாதை என்றனர். அது மறுகரையில் நின்றால் காத்திருத்தல் வேண்டும். இரவில் நோயாளியைக் கொண்டு செல்வோர் வடக்கே வலையிறவு வழியாகவோ தெற்கே பட்டிருப்பு வழியாகவோ சுற்றிச் செல்ல நேரும்.

1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி தென்னையையும் கூரையையும் ஒருங்கே சாய்த்தது. அதனினும் கொடியது மனிதர் கையால் வந்தது. 1987 சனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலை செய்தோர் பலர் பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டனர். 1991 சூன் 12ஆம் நாள், குண்டுவெடிப்பில் படையினர் இருவர் இறந்ததைத் தொடர்ந்து பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நெல் ஆலையொன்றில் தஞ்சம் புகுந்தோரும் தப்பவில்லை. சனாதிபதி விசாரணை ஆணைக்குழு இறந்தோர் தொகையை 67 எனக் கணித்தது. 2007இன் முற்பகுதியில், போர் நெருங்க, படுவான்கரை மக்கள் திரள்திரளாக எழுவான்கரைக்குப் பெயர்ந்தனர். அன்றும் அவர்கள் கடக்க வேண்டியிருந்தது அதே நீரைத்தான்.

2014 ஏப்ரலில் சப்பானிய அரசின் நன்கொடையுடன் அமைந்த மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 210 மீற்றர். ஒரு மணிநேரக் காத்திருப்பு சில நிமிடப் பயணமாயிற்று. நெல்லும் தயிரும் மீனும் விடியுமுன்னே நகரச் சந்தையை அடைகின்றன.

நீரோடு உள்ள வழக்கு மட்டும் தீரவில்லை. கோடையில் மணல் திரண்டு முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறி வயல் மூழ்கத் தொடங்கினால் ஆற்றுவாயை வெட்டி நீரைக் கடலில் விடுக என்பர் உழவர். முன்கூட்டி வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும், பொறுத்திருங்கள் என்பர் வலைஞர். இருவரும் ஒரே ஊரினராகவும், சிலவேளை ஒரே குடும்பத்தினராகவும் இருப்பர். மாரி கடுமையாகும் ஆண்டுகளில், மழை இரண்டு நாள் விடாது பெய்தவுடன், வெட்டுவதா பொறுப்பதா என்ற வாதம் கொக்கட்டிச்சோலைக் கடைத்தெருவிலும் கச்சேரிக் கூட்டத்திலும் மீண்டும் எழுகின்றது.