‘ஷல்’ பட்ட கடன்

வணிகக் கடிதம் எழுதக் கற்றுத்தரும் ஆங்கில இலக்கண நூல் எதைப் புரட்டினாலும் ‘மோடல்’ என்ற தலைப்பின்கீழ் ஒரு சிறு கூட்டம் வரிசையாக நிற்கும்: கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட், ஆட். இவை தனித்து நில்லா, படர்க்கை ஒருமையில் ‘எஸ்’ ஏற்கா, இறந்தகால வடிவம்போல் தோன்றியும் பெரும்பாலும் இறந்தகாலத்தைச் சொல்லா என்று விதிகளும் பக்கத்திலேயே இருக்கும். ஏன் ஏற்கா, ஏன் சொல்லா என்பதற்கு மட்டும் விடை இராது. சொல்லின் பிறப்பைத் தேடிப் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ‘ஏன்’தான் விருந்து.

முதலில் கூட்டத்தின் பெயரையே பிரித்துப் பார்ப்போம். ‘மோடல்’ இலத்தீன் ‘மோடுஸ்’ வழி வந்தது. மோடுஸின் முதற்பொருள் அளவு. அளவிலிருந்து வரம்பும், வரம்பிலிருந்து முறையும், முறையிலிருந்து ஒன்றைச் செய்யும் பாங்கும் கிளைத்தன. அடக்கத்தைச் சுட்டும் ‘மாடெஸ்ட்’, மிதமானதைச் சுட்டும் ‘மாடரேட்’ இரண்டும் அளவோடு நிற்றல் என்ற அதே கருத்தின் மக்கள். தமிழில் ‘மட்டு’ என்ற அளவுச்சொல் ‘மட்டுப்படுத்து’ என்று வளர்ந்ததை நினைத்தால் இந்த வளர்ச்சி நமக்குப் புதிதன்று. சந்தைச் சரக்கைக் குறிக்கும் ‘கமாடிட்டி’யும் இவ்வீட்டுப் பிள்ளையே: அளவுக்குப் பொருந்துவது, ஆகவே வசதியானது, ஆகவே பயன்தருவது, ஆகவே விற்கத்தக்க பண்டம் என்று படிப்படியாக இறங்கிக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்த சொல் அது. பேசுபவர் தம் கூற்றில் எவ்வளவு உறுதி, எவ்வளவு விருப்பம், எவ்வளவு அதிகாரம் வைக்கிறார் என்று அளந்து காட்டும் வினைகளுக்கு அளவின் பெயரே வாய்த்திருப்பது அழகான பொருத்தம்.

இக்கூட்டத்தில் வணிகத்தோடு மிகப் பழைய உறவுடையது ‘ஷல்’. அது எதிர்காலம் காட்டும் துணைவினை என்று பள்ளியில் படித்தோம். பழைய ஆங்கிலத்திலோ அது தன் காலில் நின்ற முழுவினை, பொருள், கடன்பட்டிருத்தல். ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்னே நற்செய்தி நூல்கள் பழைய ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபோது, லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வரும் கணக்குப்பிள்ளை தன் தலைவனிடம் கடன் வாங்கியவனைக் கூப்பிட்டு எவ்வளவு தரவேண்டியிருக்கிறது என்று கேட்கும் இடத்தில் இந்த வினையே நிற்கிறது. அதன் பின்னால் வேறு வினை எதுவும் இல்லை. செருமானிய மொழியில் இதன் உறவுச்சொல்லான ‘ஷூல்ட்’ இன்றும் கடன், குற்றம் என்ற இரு பொருளையும் ஒருங்கே சுமக்கிறது. இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் செருமானியக் கணக்கேட்டைத் திறக்க வேண்டும்: நாம் பற்று, வரவு என்று தலைப்பிடும் இரு பத்திகளுக்கும் அவர்கள் ‘ஸோல்’, ‘ஹாபென்’ என்று பெயரிடுகிறார்கள். அந்த ‘ஸோல்’ ஆங்கில ‘ஷல்’லின் உடன்பிறப்பு. குஸ்டாவ் ஃபிரைடாக் 1855இல் ஒரு வணிக இல்லத்தைக் களமாக வைத்து எழுதிய புதினத்துக்கு ‘ஸோல் உண்ட் ஹாபென்’ என்றே பெயர்.

கடன் எப்படி எதிர்காலமானது? கொடுக்கக் கடன்பட்டவன் கொடுத்தே தீரவேண்டியவன். செய்தே தீரவேண்டியது நடந்தே தீரும். நடந்தே தீர்வது இனி நடக்கப்போவது. இந்த ஏணியின் முதல் இரண்டு படிகளிலும் தமிழும் ஏறியிருக்கிறது. கடன் என்ற சொல்லை நாம் வட்டிக்கடைக்கு மட்டும் விட்டுவிடவில்லை. காலைக்கடன், நீத்தார் கடன் என்னும்போது அது செய்யவேண்டியதைக் குறிக்கிறது, கடமையும் கடப்பாடும் அதனோடு ஒரே வீட்டில் பிறந்தவை. ‘ஆட்’ என்ற துணைவினையும் இதே தெருவில் வேறு வாசல் வழியே வந்தது. அதன் மூலவினைக்கு உடைத்தாயிருத்தல் என்பதே முதற்பொருள். உடைமையைச் சொல்லும் ‘ஓன்’, கடன்படுதலைச் சொல்லும் ‘ஓ’, கடப்பாட்டைச் சொல்லும் ‘ஆட்’ மூன்றும் ஒரே வேரினவே. உடைமை கடனாகிக் கடன் அறமாகிய வரலாறு மூன்று சின்னஞ்சிறு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

மற்றவர்களின் பிறப்பும் இனியதே. ‘கேன்’ முன்பு அறிதலைக் குறித்தது. அறிந்தவன் செய்ய வல்லவன் என்று பொருள் நகர்ந்தது. ‘மே’ வலிமையுடைமையைக் குறித்தது. வலிமை என்ற பொருளில் இன்றும் வழங்கும் ‘மைட்’ என்ற பெயர்ச்சொல் அந்தப் பழம்பொருளின் எச்சம். ‘வில்’ விருப்பத்தைக் குறித்தது. உயில் எழுதுபவர் தம் விருப்பத்தைப் பதிவு செய்கிறார் என்பதால் அந்த ஆவணத்துக்கும் ‘வில்’ என்றே பெயர். ‘மஸ்ட்’டின் கதைதான் வியப்புக்குரியது: இன்று கட்டாயத்தின் முகமாக நிற்கும் இச்சொல், அனுமதி பெற்றிருத்தலைக் குறித்த ஒரு பழைய வினையின் இறந்தகால வடிவம்.

இங்கேதான் அந்த ‘எஸ்’ விதிக்கும் விடை கிடைக்கிறது. கேன், மே, ஷல் ஆகியவை நிகழ்காலச் சொற்களாக நமக்குத் தெரிந்தாலும், செருமானிய மொழிக்குடும்பத்தின் தொல்காலத்தில் இறந்தகால வாய்பாட்டில் அமைந்தவை. கற்று முடித்தவன் இப்போது அறிந்தவன். அதனால் முடிந்த செயலைக் காட்டிய வடிவமே இன்றைய நிலையைக் காட்டும் வடிவமாகிவிட்டது. ஆங்கில இறந்தகாலம் படர்க்கை ஒருமைக்கென்று தனி விகுதி ஏற்பதில்லை. தாம் பிறந்த வடிவத்தை மறவாத இவ்வினைகளும் ஏற்பதில்லை. விதிவிலக்கு என்று மாணவரை மனப்பாடம் செய்யச் சொல்கிறோமே, அது விலக்கே அன்று, ஒரு மூத்த விதியின் நீட்சி. வேறு வழியில் பிறந்த ‘வில்’லும் இக்கூட்டத்தோடு பழகி இதே நடையைக் கைக்கொண்டது.

எழுத்திலும் ஒரு சிறு புனைவு உண்டு. ‘ஷுட்’டிலும் ‘வுட்’டிலும் ஒலிக்காத ‘எல்’ வேரிலிருந்து முறையாக வந்தது. ‘குட்’டில் அதற்கு உரிமையே இல்லை, கேன் என்பதில் ஏது ‘எல்’? பழைய எழுத்தில் இல்லாத அதனை, அக்கம்பக்கத்து இரண்டையும் பார்த்து, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் எழுதத் தொடங்கினார்கள். அது இல்லாத பழைய உருவைக் காண வேண்டுமானால் ‘அன்கூத்’ என்ற சொல்லைப் பாருங்கள். இன்று நயமற்றவரைக் குறிக்கும் அதன் முதற்பொருள் ‘அறியப்படாதது’.

இனி, ‘ஷல்’லுக்கும் ‘வில்’லுக்கும் இடையே தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இடம் பார்த்துப் பங்கு பிரித்த அந்தப் புகழ்பெற்ற விதி. தன்மையில் ஷல் வெறும் எதிர்காலம், வில் உறுதிமொழி. மற்ற இரண்டு இடங்களிலும் அப்படியே தலைகீழ். இதை வகுத்துச் சொன்னவர் ஜான் வாலிஸ், ஆக்ஸ்போர்டின் கணிதப் பேராசிரியர், முடிவிலிக்கு இன்று நாம் இடும் குறியை 1655இல் அச்சேற்றியவர். 1653இல் வெளிவந்த அவருடைய ஆங்கில இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டது. ஆங்கிலம் கற்க விரும்பிய அயல்நாட்டாரை மனத்தில் வைத்தே அதை எழுதினார். ஆகவே நம் பாட்டனார்கள் பள்ளியில் உருப்போட்ட விதி பிறந்ததே அயலாருக்காகத்தான். இன்றைய வணிக எழுத்தில் அது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. அதற்காக வருந்த வேண்டியதில்லை.

தமிழர் எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் இடறல் வேறோரிடத்தில் வருகிறது. நம் ‘வேண்டும்’, ‘வில்’லைப் போலவே விருப்பத்தில் பிறந்தது. ஆங்கிலம் விருப்பத்தை எதிர்காலத்துக்குக் கொண்டுசென்றது. தமிழ் அதைக் கடப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் பழைய விருப்பம் நம் சொல்லிலிருந்து வற்றவில்லை. ‘தாங்கள் குடும்பத்துடன் வருகை தர வேண்டும்’ என்று திருமண அழைப்பில் அச்சிட்டால் யாரும் அதைக் கட்டளையாகக் கொள்வதில்லை. வேண்டுகோளின் ஈரம் அதில் இருக்கிறது. அதே மனத்தோடு ‘யூ மஸ்ட் செண்ட் தி பேமென்ட்’ என்று எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார். ‘மஸ்ட்’டின் குருதியில் விருப்பம் ஒரு துளியும் இல்லை. ‘குட் யூ செண்ட்’, ‘வீ வுட் பீ கிரேட்ஃபுல்’ என்று இறந்தகால வடிவத்துக்கு மாற்றினால் வாக்கியம் உடனே தணிகிறது; காலத்தால் தொலைவு காட்டிய வடிவம் இங்கே அதிகாரத்தைத் தொலைவில் நிறுத்தி, மறுக்கும் வாய்ப்பை எதிரில் இருப்பவரிடம் விட்டுவைக்கிறது. நாம் ‘முடியுமா’ என்று கேட்டுத் தணிகிறோம். முடித்தலைக் குறித்த வினை ஆற்றலைக் குறித்து, ஆற்றலை வினவுவதே பணிவாகிவிட்டது.

எதிர்மறையிலும் இரு மொழிகளும் ஒரே வளைவில் திரும்புகின்றன. ‘வரக்கூடும்’ என்பது வாய்ப்பு; ‘வரக்கூடாது’ என்பதோ வாய்ப்பின்மை அன்று, தடை. ‘மஸ்ட்’ கட்டாயம், ‘மஸ்ட் நாட்’ கட்டாயமின்மை அன்று, தடை. பழைய அனுமதிப் பொருளை உள்ளே வைத்துப் படித்தால் தடை நேராக வந்துவிடுகிறது: அனுமதியில்லை. கட்டாயமில்லை என்று எழுத நினைப்பவர் ‘நீட் நாட்’ என்றே எழுத வேண்டும்; ஒப்பந்தத்தில் இவ்விரண்டும் இடம் மாறினால் உரிமையே மாறிவிடும்.

அந்த அச்சத்தால்தான் தொழில்துறையினர் இச்சொற்களுக்கு எல்லை வகுத்தார்கள். ஐஎஸ்ஓ தரநிலைகளில் ஷல் கட்டாயம், ஷுட் பரிந்துரை, மே அனுமதி, கேன் இயல்வது. இணைய நெறிமுறைகளுக்காக 1997 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் முழுவதும் இத்தகைய சில சொற்களுக்குப் பொருள் வரையறுப்பதற்கே எழுதப்பட்டது. சட்டம் எழுதுவோர் சிலர் ஷல்லைக் கைவிட்டு மஸ்ட்டை எடுத்தனர். அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் எளிய நடையில் திருத்தி எழுதப்பட்டபோது ஷல் வெளியேறியது. 56ஆம் விதியில் அதன் இடத்தை ஷுட் பிடித்தது. அந்த மாற்றம் பொருளையே அசைக்கிறது என்று கருதி, 2010இல் அவ்விதியில் ஷல்லைத் திரும்ப அமர்த்தினார்கள். அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஷுட் அறிவுரை கூறும், ஷல்லைப்போல் கடனாளியைக் கட்டாது.

‘டேர்’, ‘நீட்’ என்ற இரண்டை நான் தொடவில்லை. முன்னது கேனைப் போலவே இறந்தகாலத்தில் பிறந்தது; பின்னது இக்குடியில் பிறவாமலே எதிர்மறையில் ‘எஸ்’ஸை உதறப் பழகிக்கொண்டது. வேர் சொல்லும் நல்ல ஆங்கில அகராதி கைவசம் இருந்தால் இவ்விரண்டையும் நீங்களே பிரித்துப் பாருங்கள். அடுத்த கடிதத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.