காத்தான் மெட்டும் கோயில் வாசலும்

வடமராட்சியில் பிறந்தவர்களுக்குக் காத்தவராயன் கூத்தைப் பற்றி நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இளையவர்களுக்காகவே இதை எழுதுகின்றேன்.

நெல்லியடிச் சந்தியைச் சுற்றியுள்ள ஊர்களில், அம்மன் கோயில் வீதியிலே விடிய விடிய ஆடப்பட்டது இக்கூத்து. சிறுவயதில் பாயுடன் சென்று, பாதியில் உறங்கி, காத்தான் கழுவேறும் கட்டத்தில் அம்மா தட்டி எழுப்ப விழித்திருக்கின்றேன். ஆட்டத்தைவிடப் பாட்டே இதில் முதன்மையானது. மெட்டுக்கேற்ப நடந்து பாடுவதால் சிந்துநடைக் கூத்து என்றும் அழைப்பர். ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் சேர, பிற்பாட்டுக்காரர் அடியை வாங்கிப் பாடுவர். மாரியம்மனின் மகனாக வளர்ந்த காத்தான், பிராமணப் பெண்ணான ஆரியமாலையை விரும்பியதால் கழுமரம் ஏறும் கதை அது.

சாதி கடந்த அக்காதலுக்காக இரவெல்லாம் கண்ணீர் விட்ட ஊர்கள், பகலில் சாதி பார்த்தன. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியும், தேநீர்க் கடைகளும் கோயில்களும் ஒடுக்கப்பட்டோருக்கு முழுமையாகத் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய வந்தவர்களை, முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் முதலானோர் வாயிலில் மறித்து நின்றனர்.

அப்போராட்டத்தின் சூடு ஆறுமுன்னரே பிறந்தது, என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' நாடகம். இளைய பத்மநாதன் உள்ளிட்ட 'அம்பலத்தாடிகள்' குழுவினர் அதனைக் காத்தான் கூத்துப் பாங்கில் மேடையேற்றினர். கோயில் வீதியில் கேட்டுப் பழகிய அதே மெட்டு, கோயிற் கதவு ஏன் மூடியிருக்கின்றது என்று கேட்டது. பாமரரும் அறிந்த மெட்டாதலால் விளக்கவுரை தேவைப்படவில்லை. நான் பணியாற்றிய ஆண்டுகளில் எழுதிக் குவித்த பத்திகளுக்கு அந்த வலிமை வாய்த்ததில்லை.

1987இல் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' படை நடவடிக்கை வடமராட்சியைச் சூழ்ந்தது. ஊரடங்குக்குள் விடியும்வரை கூத்தாடுவது எங்ஙனம்? எனினும் காத்தான் மறைந்துவிடவில்லை, இன்றும் ஆடப்படுகின்றான். அவனை நமது மரபுரிமை என்று விழாக்களில் போற்றுகின்றோம். கந்தன் கருணையை நினைப்போர் சிலரே.

2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை மண் அள்ளும் இயந்திரம் இழுத்தது. ஒடுக்கப்பட்டோர் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே அவ்வாறு செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அச்செய்தியைப் படித்தபோது என் காதில் ஒலித்தது காத்தான் மெட்டே. மெட்டை மாத்திரம் காப்பாற்றிவிட்டு, அது கேட்ட கேள்வியைக் கைவிட்டோமானால், நாம் காப்பாற்றியது பாதி மரபையே.