அட்டிலும் அங்கணமும்



பழைய வீட்டைப் புதுப்பிக்கிற நம் பிள்ளைகள் சிலர் இப்போது இரண்டு சமையலறை வைக்கிறார்கள். முன்னால் இருப்பது 'டிரை கிச்சன்'. காபி போட, காய் நறுக்க, பரிமாற. பின்னால் 'வெட் கிச்சன்'. மீன் கழுவ, பொரிக்க, தாளிக்க, பாத்திரம் துலக்க. மலேசியா, சிங்கப்பூரில் பார்த்துவிட்டு வந்த பழக்கம் என்கிறார்கள். பெயர் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். ஈர வேலையைத் தனியாகப் பிரித்து வைப்பது நமக்குப் பழையது.

தமிழில் சமைக்கும் இடத்துக்கு அட்டில் என்று பெயர். அடுதல் என்றால் சமைத்தல். கழுவி ஊற்றும் இடத்துக்கு அங்கணம் என்று வேறு பெயர். 'அவையறிதல்' அதிகாரத்தின் கடைசிக் குறள் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. தென் மாவட்டங்களில் இன்றும் பேச்சில் உண்டு. நெருப்புக்கு ஓரிடம், நீருக்கு ஓரிடம்.

சிதம்பரம் தேர் வீதிகளின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று வீடு பின்னோக்கி நீளும். அம்மியும் ஆட்டுக்கல்லும் தாழ்வாரத்தில். பாத்திரம் துலக்குவது கிணற்றடியில். கடலூர் முதுநகர்ப் பக்கம் மீனைச் சாம்பல் தொட்டு ஆய்வதும், பண்ருட்டிப் பலாவைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுப்பதும் கொல்லையில்தான். கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும்.

இவை எப்படி ஒரே அறைக்குள் வந்தன? 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் சுமார் 6.5 சதுர மீட்டரில் ஒரு சமையலறை வடிவமைத்தார். பெண்களின் நடையும் நேரமும் மிச்சமாக வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்றைய மேடைச் சமையலறைக்கு அது ஒரு முன்னோடி. நம் ஊரில் குழாய்த் தண்ணீரும், 1965-ல் வந்த இண்டேன் சிலிண்டரும், மிக்சியும் கிரைண்டரும் கொல்லை வேலைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தன. குந்தி உட்கார்ந்து புகை ஊதிய பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். அது பெரிய விடுதலை.

பழைய வீட்டைப் புகழும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுக்களையில் புகை போக வழி குறைவு. பெண்களின் கண்ணும் நெஞ்சும் அதற்கு விலை கொடுத்தன. பாத்திரம் துலக்க வந்த அம்மாவைப் பல வீடுகளில் கொல்லைக் கதவு வழியாகத்தான் வரச் சொன்னார்கள். அடுக்களைப் படி ஏறவிடவில்லை. பின்கட்டு என்பது வேலையைப் பிரித்ததோடு நிற்கவில்லை, மனிதர்களையும் பிரித்தது.

அந்தத் தவறு புது வீட்டில் திரும்பக் கூடாது என்பதே என் கவலை. சில வரைபடங்களைப் பார்க்கிறேன். விருந்தாளி பார்க்கும் டிரை கிச்சனுக்கு கிரானைட்டும் அலங்கார விளக்கும். நாள் முழுக்க அம்மாவோ மருமகளோ வேலைக்கு வரும் பெண்ணோ நிற்கப்போகும் வெட் கிச்சனுக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு சந்து, மேலே தகரக் கூரை. சித்திரை வெயிலில் அங்கே கத்தரிக்காய் சுட்டு கொத்சு செய்து பாருங்கள், தெரியும்.

ஆகவே பிள்ளைகளே, செலவை முதலில் பின் அறைக்கு ஒதுக்குங்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், வழுக்காத தரை, உட்கார ஓரிடம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வில் தங்கும். சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையை ஒட்டிக் காற்று வழி வையுங்கள். தண்ணீர் வடிய வேண்டும் என்று தரையைத் தெரு மட்டத்துக்குக் கீழே இறக்காதீர்கள். 2015 நவம்பர் வெள்ளத்தை நம் மாவட்டம் மறக்கவில்லை.

வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன், அங்கே நின்று வேலை செய்யப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் பாட்டி வீட்டில் அம்மி எங்கே இருந்தது என்று நினைவிருப்பவர்கள் கீழே எழுதுங்கள். நலமுடன் வாழ்க.