திருவொற்றியூர் புல்லட்டும் சோழவரம் ஓடுதளமும்

இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நெடுங்காலம் பந்தயங்களை நடத்தியது. அதன் நீண்ட நேர்பாதை, டிராக் பந்தயத்திற்குரிய முடுக்கத்தைச் சோதிக்க ஏற்றது. 1955இல் நிறுவப்பெற்ற என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் உருவான 350 சிசி புல்லட்டோ, முதலில் இராணுவ எல்லை ரோந்துக்கென வாங்கப்பட்டது. அதன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் வீச்சு 90 மி.மீ. இந்த நெடுவீச்சு குறைந்த வேகத்தில் நல்ல இழுவை தரும். ஆயினும் நிமிடத்திற்கு 5000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டரை எட்டிவிடும். எனவே சுழற்சியை மேலும் உயர்த்துவதைவிட, எடையைக் குறைத்தல், கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுதல், பின்சக்கர ஸ்பிராக்கெட்டில் பற்களைக் கூட்டுதல் ஆகியவையே பயன் தரும். தொழிற்சாலை வரலாற்றை உற்பத்திக் கணக்கோடு நிறுத்துவோர் காணத் தவறுவது இந்தப் பட்டறை அறிவையே. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் திறக்கப்பட்டபின் சோழவரத்தின் முதன்மை குன்றியது.