‘விடு’ அன்று, ‘தீர்’: ஆங்கில ‘அப்’புக்குத் தமிழ்வழிப் பொருள்கோள்

‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ முதலிய ஃபிரேசல் வெர்ப்களில் ‘அப்’ செயலின் முடிவைக் காட்டுகிறது. தமிழில் ‘விடு’ என்னும் துணைவினையும் முடிவையே காட்டுகிறது. ஆகவே ‘ஈட் அப்’ என்பது ‘சாப்பிட்டுவிடு’. ஒப்பீட்டு இலக்கண வழியில் ஒரு சாரார் கொள்ளும் முடிபு இது. வகுப்பறைக்கு எளிதாகத் தோன்றும் இவ்விளக்கம் மாணவரைத் தவறான இடத்தில் நிறுத்துகிறது என்பதே என் வாதம்.

விருந்துக்கு அழைத்தவர் மேலும் பரிமாற வருகிறார். இலையில் பாதிச் சோறு மீந்திருக்கையிலேயே, “போதுங்க, சாப்பிட்டுவிட்டேன்” என்கிறோம். தமிழில் இது பொய்யன்று. உண்ணுதல் என்னும் நிகழ்வு நிறைவுற்றது, அவ்வளவே. அதே இலையைக் காட்டி ஆங்கிலத்தில் ‘ஈட்டன் இட் அப்’ என்றால் பொய்யாகும். ‘விடு’ நிகழ்வைப் பற்றியது. ‘அப்’ பண்டத்தைப் பற்றியது. ஒற்றைக் கீறல் விழுந்த கண்ணாடியும் ‘உடைந்துவிட்டது’தான், ‘பிரேக் அப்’ என்னவோ துண்டு துண்டாகப் பிரிதலைக் கேட்கிறது. ‘வந்துவிட்டான்’ என்பதை ‘கம் அப்’ என எவரும் பெயர்ப்பதில்லை. வருதலில் தீர்ந்துபோகப் பண்டம் ஏதுமில்லை.

பண்டம் தீர்வதைச் சொல்லத் தமிழில் வேறொரு வினை உண்டு. பலகாரத்தைத் தின்று தீர்த்தான். சேமிப்பைச் செலவழித்துத் தீர்த்தார். இங்கே மிச்சம் இருந்தால் வாக்கியம் பொய்யாகிவிடும். ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ இரண்டும் கேட்பது இந்த மிச்சமின்மையைத்தான்.

‘தீர்’ இன்னொரு வாயிலையும் திறக்கிறது. ‘அழுது தீர்த்தாள்’, ‘பேசித் தீர்த்தார்கள்’ என்னும்போது ஆங்கிலம் ‘அப்’பை விட்டு ‘அவுட்’டுக்கு மாறுகிறது: ‘க்ரை இட் அவுட்’, ‘டாக் இட் அவுட்’. எதிரே இருக்கும் பண்டம் தீர்ந்தால் ‘அப்’; உள்ளே தேங்கிய துயரமோ பிணக்கோ தீர்ந்தால் ‘அவுட்’. தமிழ் ஒரே வினையால் சொல்வதை ஆங்கிலம் இரு இடைச்சொற்களுக்குப் பங்கிட்டிருக்கிறது எனக் கொள்ள இடமுண்டு. பண்டம் தீர்ந்துபோவதைச் சொல்லும் ‘ரன் அவுட்’ இதற்கு முரணாகத் தோன்றலாம். டப்பாவில் இருந்த சர்க்கரையும் உள்ளிருந்ததுதான் என்று கண்டால் முரண் பெரும்பாலும் தணிகிறது.

மறுப்புகளில் ஒன்று கனமானது. ‘தின்று தீர்த்தான்’ என்பதில் கண்டனத் தொனி உண்டு; குழந்தையிடம் அன்பாகச் சொல்லும் ‘ஈட் அப்’பில் அது இல்லை. அங்கே தமிழ்த் தாய், “மிச்சம் வைக்காம சாப்பிடு கண்ணு” என்பாள். எனவே ‘தீர்’ பெயர்ப்புச் சொல் அன்று, பொருளுக்கு வழிகாட்டி மட்டுமே. ஆனால் அத்தாயும் ‘மிச்சம்’ என்ற சொல்லையே நாடுகிறாள் என்பது என் வாதத்துக்கு வலு. ‘செய்தே தீருவேன்’ என்பது ஏகாரம் பெற்ற வேறு வழக்கு. ‘வேக் அப்’, ‘ஹரி அப்’ வேறு பொருள்கள். இவை இங்கே தடையாகா.

2015-இல் வெளியான ஒரு பட்டியல் மிகுதியாக வழங்கும் 150 ஃபிரேசல் வெர்ப்களுக்கு 288 பொருள்களைத் தருகிறது. அவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்யச் சொல்வது, தமிழ் மாணவர் இவ்வகை அமைப்பே அறியாதவர் என்ற எண்ணத்தில் பிறந்தது. ‘தள்ளிப்போடு’ என்பவருக்கு ‘புட் ஆஃப்’பும், ‘பார்த்துக்கொள்’ என்பவருக்கு ‘லுக் ஆஃப்டர்’உம் முற்றிலும் அந்நியமல்ல; வினையோடு இன்னொரு சொல் சேர்ந்து புதுப்பொருள் பிறப்பதை அவர் நாள்தோறும் பேசுகிறார். அந்த அறிவின்மேல் பாடம் எழட்டும், ஆனால் ‘அப்’பைக் கற்பிக்கும் ஆசிரியர் “முடிந்ததா?” என்று கேட்க வேண்டாம், “மிச்சம் இருக்கிறதா?” என்று கேட்கட்டும்.