நாடில்லாத மொழி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். வினைச்சொல் பட்டியல் மனப்பாடம் செய்யாமல் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. ஓய்வு பெற்ற பின் பொழுதுபோக்காக எஸ்பெராண்டோ கற்கத் தொடங்கினேன். அடிப்படை விதிகள் 16 மட்டுமே. பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும். 'போனா' என்றால் நல்ல. முன்னால் 'மல்' சேர்த்தால் கெட்ட. சிறுபிள்ளை போலச் சொற்களைக் கோத்துப் பார்ப்பதில் நேரம் போவதே தெரியாது.

உருவாக்கியவருக்கு இது விளையாட்டல்ல. கண் மருத்துவர் சாமென்ஹோஃப், 1859-இல் பியாலிஸ்டாக் நகரில் பிறந்த யூதர். அங்கே ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர். ஆளுக்கொரு மொழி, ஒருவருக்கொருவர் பகை. யாருக்கும் சொந்தமில்லாத பொதுமொழி இருந்தால் பகை தணியும் என நம்பினார். 1887-இல் வார்சாவில் முதல் நூலை வெளியிட்டார். புனைபெயர் 'டாக்டர் எஸ்பெராண்டோ', அதாவது நம்பிக்கை கொண்டவர். அதுவே மொழிக்கும் பெயரானது.

1922-இல் பிரான்சின் கல்வி அமைச்சர் லியோன் பெரார் பள்ளிகளில் அதைக் கற்பிக்கத் தடை விதித்தார். சர்வதேச சங்கத்திலும் பிரான்சு எதிர்த்தது. பிரெஞ்சு இருக்க வேறு பொதுமொழி எதற்கு என்ற நினைப்பு. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் தமிழ் பேசினால் எங்களையும் பெஞ்சு மேல் ஏற்றினார்கள்.

சாமென்ஹோஃபின் பிள்ளைகள் மூவரையும் நாஜிகள் கொன்றார்கள். மொழி பிழைத்திருக்கிறது. அதைக் காப்பது எந்த அரசும் அல்ல. என்னைப் போல ஆசைக்குப் படிக்கிறவர்கள்தான்.