இல்லக் கழிவும் நகரச் சட்டமும் – ஒரு வரலாற்று நோக்கு

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் கோட்டை கொத்தளங்களைப் பற்றியும் துறைமுகங்களைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். அந்நகரங்கள் தம் குப்பையை என் செய்தன என்பது பற்றி அவர்கள் பேசுவது அரிது. ஆயினும், ஆட்சிக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவை அறிய இதனினும் நல்ல உரைகல் வேறில்லை எனலாம். இன்று உலகின் பல நகரங்களில், இல்லத்தார் தம் கழிவை வகைபிரித்து, குறித்த நாளிற் குறித்த கலத்தில் வீதியோரம் வைத்தல் வேண்டும் என்பது சட்டமாகும். இச்சட்டம் சில இடங்களில் வேரூன்றியுள்ளது. சில இடங்களிற் பட்டுப்போயுள்ளது. மக்களின் ஒழுக்கக்குறைவே தோல்விக்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படும். இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை மூன்று நகரங்களின் அனுபவங்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பாரிஸ் நகரை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாரிஸ் மக்கள் தம் வீட்டுக் குப்பையை வீதியிலேயே கொட்டி வந்தனர். 1883 இற் சேன் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராகப் பதவியேற்ற இயூஜின் பூபெல் என்பார் சட்டத்துறைப் பேராசிரியராக விளங்கியவர். அவர் அவ்வாண்டு நவம்பர் 24 ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி, கட்டட உரிமையாளர் ஒவ்வொருவரும் குடியிருப்போரின் கழிவுக்கென மூடியுள்ள பெட்டிகளை அமைத்துக் கொடுத்தல் வேண்டும். அழுகும் பொருள்களுக்கு ஒன்று. கடதாசிக்கும் கந்தலுக்கும் ஒன்று. கண்ணாடி, பீங்கான், சிப்பியோடு ஆகியவற்றுக்கு ஒன்று. நூறாண்டுகளின் பின்னர் உலகம் புதுமையெனக் கொண்டாடிய கருத்து, 1884 சனவரியிலேயே ஒரு மாநகரில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

எனினும் எதிர்ப்பு உடனே எழுந்தது. உரிமையாளர் செலவை வெறுத்தனர். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. யாவரினும் மேலாக எதிர்த்தோர் கந்தல் பொறுக்குவோரே. இரவில் விளக்கும் முதுகிற் கூடையும் ஏந்தி வீதிதோறும் திரிந்த இவர்கள், கந்தலைக் கடதாசி ஆலைக்கும், எலும்பைப் பொத்தான், பசை முதலியன செய்வோருக்கும் விற்றுப் பிழைத்தனர். மரக்கூழிற் செய்த கடதாசியின் வரவால் ஏலவே நலிந்திருந்த அவர்களின் பிழைப்பின்மீது பெட்டியின் மூடியும் விழுந்தது. இறுதியில், வண்டி வருமுன் பெட்டிகளிலுள்ளவற்றைப் பொறுக்க அவர்களுக்கு இடமளிக்க நேர்ந்தது. மூடிய கலம் நிலைத்தது. பூபெல் என்ற பெயரே பிரெஞ்சு மொழியிற் குப்பைத் தொட்டிக்குரிய பொதுச்சொல்லாயிற்று. வகைபிரித்தல் விதியோ நிலைபெறவில்லை. இதில் ஒரு முரண் உண்டு. பிரித்த பொருளைப் பிரித்தவாறே ஏற்று, அதற்குரிய தொழிலிடத்திற் சேர்க்கவல்ல கைகள் அன்று கந்தல் பொறுக்குவோரிடமே இருந்தன. ஆணையோ அக்கைகளை இடையூறெனக் கருதியே வரையப்பட்டது.

அடுத்து நியூயோர்க் நகரைக் காண்போம். 1895 இல் அந்நகரின் வீதித் துப்புரவு ஆணையாளராக நியமனம் பெற்ற கேணல் ஜோர்ஜ் வாறிங், தொழிலாளருக்கு வெண்ணிறச் சீருடை அணிவித்தார். சிறுவர் கழகங்கள் அமைத்தார். சாம்பல், உணவுக்கழிவு, உலர்ந்த குப்பை என மூன்றாகப் பிரித்து வைக்குமாறு இல்லத்தாரைப் பணித்தார். அவர் அத்தோடு நின்றுவிடவில்லை என்பதே இங்கு கவனித்தற்குரியது. உணவுக்கழிவு பரன் தீவுக்குச் சென்று, அங்கு கொழுப்பாகவும் உரமாகவும் மாற்றப்பட்டது. உலர்ந்த குப்பையிலிருந்து விலைபோகும் பொருள்கள் தெரிந்தெடுக்கப்பட்டு விற்கப்பட்டன. வீட்டு வாயிலிற் பிரிக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் அப்பால் ஒரு வழி வகுக்கப்பட்டிருந்தது.

ஆயினும் வாறிங் 1898 இன் தொடக்கத்திற் பதவி நீங்கினார்; அவ்வாண்டிலேயே மஞ்சட் காய்ச்சலால் இறந்தார். முதலாம் உலகப் போரின் ஆட்பற்றாக்குறையால், 1918 இற் கழிவைக் கடலிற் கொட்டும் வழக்கம் மீண்டது. வகைபிரித்தலை மீளக் கட்டாயமாக்க அந்நகருக்கு 1989 வரை சென்றது. அச்சட்டமும் இடையறாது நடைபெறவில்லை. 2002 இல் நிதி நெருக்கடியைக் காட்டிக் கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகியவற்றின் மீள்சுழற்சி நிறுத்தப்பட்டது. பிளாஸ்டிக் 2003 இலும் கண்ணாடி 2004 இலும் மீளச் சேர்க்கப்பட்டன. நேற்றுக் கழுவிப் பிரித்து வை என்ற நகரம், இன்று யாவற்றையும் ஒன்றாகக் கட்டி எறி என்கின்றது; நாளை மீண்டும் பிரி என்கின்றது. இங்கு ஒழுங்கு தவறியோர் இல்லத்தார் என எங்ஙனம் கூறவியலும்?

மூன்றாவது எடுத்துக்காட்டு யப்பானில் உள்ள நுமாசு நகரம். 1970 களின் முற்பகுதியில், அந்நகரின் கழிவு நிரப்பப்பட்ட இடத்தின் அயலிலே வாழ்ந்தோர், இனியும் பொறுக்கவியலாது என எதிர்த்தெழுந்தனர். அப்பொழுது துப்புரவுத் தொழிலாளரும் நகரசபை அலுவலரும் குடியிருப்புச் சங்கங்கள்தோறும் சென்று நிலைமையை விளக்கினர். எரிப்பன, புதைப்பன, மீளப் பயன்படுவன என மூவகையாகப் பிரிக்கும் முறை 1975 இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. நகரின் பெயராலேயே வழங்கிய அம்முறையைப் பின்னர் ஏனைய நகரங்களும் மேற்கொண்டன. பாரிசில் ஆணை மேலிருந்து இறங்கிற்று. நுமாசுவிலோ குப்பையைக் கையாற் சுமந்தவர்களே விதியின் பொருளை எடுத்துரைத்தனர். தம் குப்பை எவர் வீட்டு அயலிற் சேர்கின்றது என்பதை மக்கள் அறிந்திருந்தனர்.

இம்மூன்றையும் ஒப்புநோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். வகைபிரித்தல் விதி என்பது அரசு இல்லத்தாரிடம் பெறும் கூலியில்லா உழைப்பு. கழுவுதலும், பிரித்தலும், நாளறிந்து வைத்தலும் பெரும்பாலும் பெண்களின் தோள்மீது விழும் அன்றாட உழைப்பு ஆகும். அவ்வுழைப்பு வீணாகாது என்ற உறுதியே விதிக்கு உயிர். தண்டனைக்கும் இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், வாயிலில் மூன்றாகப் பிரித்தது வண்டியில் ஒன்றாகக் கலப்பதைக் கண்ணாரக் கண்ட ஒருவரைத் தண்டத்தால் நெடுங்காலம் பணிவிக்க இயலாது. சட்டத்தை முதலில் மீற வல்லவர் இல்லத்தார் அல்லர், சட்டம் இயற்றியோரே.

இவ்வுண்மை நமக்கும் தொலைவிலுள்ளதன்று. 2017 ஏப்பிரல் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொழும்பின் அயலிலுள்ள மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு நகரம் முழுவதும் எறிந்ததன் சுமையை அதன் அடிவாரத்திருந்த ஏழைகள் ஏற்றனர். வீதியோரம் வைக்கும் பெட்டியின் நிறத்தைப் பற்றிய விதி அற்பமானதெனத் தோன்றலாம். அப்பெட்டி செல்லும் வழி முழுவதையும் நோக்குவோர்க்கு அது அற்பமன்று. எனவே இத்தகைய சட்டம் ஒன்றை ஆராயப் புகுவோர், மக்கள் பணிந்தனரா என்று கேட்குமுன், பிரித்தது பிரித்தவாறே சென்றதா என்றும், அதனைச் சுமந்தவரின் வாழ்வு யாதாயிற்று என்றும் கேட்டல் வேண்டும்.